பந்திக்கு மறுநாள்

அளவாகச் சாப்பிடுவது என்று முடிவெடுத்த ஒருவர் ஒரு வேளை அளவு மீறிவிட்டால், அந்த ஒரு வேளையால் உடம்புக்கு வரும் கேடு சிறியது. அதை நினைத்து வருந்தி அடுத்த இரண்டு மூன்று நாள் அவர் செய்கிற காரியங்களால் வரும் கேடுதான் பெரியது. காலையில் வேண்டுமென்றே பட்டினி, மாலையில் பசி தாங்காமல் டீக்கடை பஜ்ஜி, இரவில் "இந்த வாரம் போனது போனதுதான், திங்கட்கிழமையிலிருந்து பார்த்துக்கலாம்" என்று கைகழுவுவது. நல்ல உணவுப் பழக்கம் பெரும்பாலான வீடுகளில் இந்த வரிசையில்தான் முறிகிறது. எதைச் சாப்பிடுவது, எவ்வளவு சாப்பிடுவது என்பது தெரிந்தவர்களுக்கும் இது நடக்கிறது. ஆகவே இதை அறிவுக்குறையாகவோ மன உறுதியின் குறையாகவோ கொள்வது பயன் தராது.

வேலூரிலிருந்து கண்ணமங்கலம் வழியாகப் போளூர் போகும் சாலையில் இருக்கிறது சந்தவாசல். ஆரணிப் பட்டு நெய்யும் வட்டாரம். படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குத் திரும்பும் இடமும் இதுதான். விருந்தும் வருத்தமும் மாறி மாறி வருவதைப் பார்க்க இந்த ஊரின் நாள்காட்டி ஒன்றே போதும். ஆடி வெள்ளிகளில் கோயில் கூட்டம், தெருவுக்குத் தெரு கூழ் வார்த்தல். ஆவணி பிறந்தால் முகூர்த்தங்கள். புரட்டாசியில் அசைவம் நிற்கும். வடையும் சுண்டலும் நிற்காது. ஐப்பசியில் தீபாவளி, கார்த்திகையில் திருவண்ணாமலை தீபம், தையில் பொங்கலும் மறுபடி கல்யாணங்களும். இந்த ஊர்ப்பக்கம் நெய்யப்படும் பட்டு ஊர் ஊராகக் கல்யாண வீடுகளுக்குத்தான் போகிறது என்பதால், முகூர்த்தக் காலம் என்பது நெசவாளர் வீட்டில் வேலைக் காலமும் ஆகும், விருந்துக் காலமும் ஆகும்.

நெசவாளரின் நாள் உட்கார்ந்தே கழிகிற நாள். குழித்தறியில் காலும் கையும் ஓயாமல் இயங்கினாலும், ஏர் உழுதவர்களும் கதிர் அறுத்தவர்களும் செலவழித்த சக்தி இதில் செலவாவதில்லை. கேழ்வரகுக் களி, கூழ், கருவாட்டுக் குழம்பு, கொள்ளு, மல்லாட்டை (வேர்க்கடலை) என்று இந்தப் பகுதியில் உருவான சாப்பாடு வயல்வேலைக்கான சாப்பாடு. தறிக்கு வந்தபின் களியின் இடத்தை வெள்ளை அரிசி பிடித்துக்கொண்டது. அளவு மட்டும் வயல்வேலைக் காலத்து அளவாகவே நின்றுவிட்டது. தறி வீட்டுக்குள்ளேயே இருந்தால் அடுக்களை பத்தடி தூரம். சேலை அறுத்துக் கூலி கைக்கு வந்த நாளில் பிரியாணி வாங்குவது குடும்பத்துக்கே ஒரு சின்னத் திருவிழா. இப்படிப்பட்ட வாழ்க்கையில் "இனி விருந்தே வேண்டாம்" என்ற முடிவு நிற்காது. நிற்காத முடிவை எடுத்துவிட்டு, அது நிற்கவில்லை என்று தன்னையே திட்டிக்கொள்வதால் யாருக்கு லாபம்?

உடம்பின் கணக்கு

ஒரு கிலோ உடல் கொழுப்பு சேர ஏறத்தாழ 7,700 கிலோகலோரி மிகையாக உள்ளே போக வேண்டும். கல்யாணப் பந்தியில் வழக்கத்தைவிட 1,000 கிலோகலோரி கூடுதலாகச் சாப்பிட்ட ஒருவருக்கு, அது முழுவதும் கொழுப்பாகவே மாறினாலும், 130 கிராம்தான் சேரும். ஆனால் மறுநாள் காலை எடை மெஷினில் ஏறி நின்றால் ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ கூடக் காட்டும். மனம் உடைவது இங்கேதான்.

அந்த எடையில் பெரும்பகுதி தண்ணீர். சோற்றிலும் இனிப்பிலும் உள்ள மாவுச்சத்து கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜனாகத் தங்கும்போது, ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. அப்பளம், ஊறுகாய், பிரியாணி, கருவாடு ஆகியவற்றின் உப்பும் தண்ணீரை நிறுத்தும். குடலில் இன்னும் செரிக்காமல் இருப்பதும் எடைதான். வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் இரண்டு மூன்று நாளில் இதெல்லாம் இறங்கிவிடும். அதனால் விருந்துக்கு மறுநாள் எடை பார்ப்பது வீண் வேலை; மூன்று நாள் கழித்துப் பார்க்கலாம், பார்க்காமலும் இருக்கலாம். இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. அவர்களுக்கு ஒரு நாள் உப்பும் ஒரு பொருட்டுதான். கால் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஒரு நாள் விருந்தின் மீது விழுகிற பழி, தினசரிப் பழக்கத்தின் மீது விழுவதில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். நாளுக்கு நாலு டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 40 கிராம். மாதத்தில் ஒரு கிலோவுக்கு மேல். சேர்க்கப்படும் சர்க்கரை மொத்த சக்தியில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும், இருபதில் ஒரு பங்குக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்ன அளவு. 2,000 கிலோகலோரி சாப்பிடுபவருக்கு இது 50 கிராம், 25 கிராம். தறியில் உட்கார்ந்தபடி குடிக்கும் டீயே இரண்டாவது அளவைத் தாண்டிவிடுகிறது. அதற்காக யாரும் தூக்கம் கெட்டதாகத் தெரியவில்லை. தங்கை கல்யாணத்தில் தின்ற இரண்டு லட்டுக்கு மட்டும் ஒரு வாரம் மனம் புழுங்குகிறது.

இந்தியாவில் உணவு அளவுகளை வகுத்துத் தரும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இப்போது ஹைதராபாத்தில் இருக்கிறது. 1918-இல் அது தொடங்கியது நம் குன்னூரில். 2024-இல் அது வெளியிட்ட உணவு வழிகாட்டி நெறிகள் பதினேழும் அன்றாட வழக்கத்தைப் பற்றியே பேசுகின்றன. தட்டில் பாதி காய்கறியும் பழமுமாக இருக்கட்டும் என்றால் அது ஒவ்வொரு நாளுக்கும் சொன்னது. வழக்கம் சரியாக இருந்தால் மாதத்தில் ஓரிரு பந்திகள் அதைக் கவிழ்த்துவிடாது.

மனதின் கணக்கு

1975-இல் அமெரிக்காவில் ஹெர்மன், மாக் என்ற இரு உளவியலாளர்கள் 45 மாணவிகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். சிலருக்கு மில்க் ஷேக் எதுவும் தரவில்லை, சிலருக்கு ஒன்று, சிலருக்கு இரண்டு. பிறகு எல்லாருக்கும் முன்னால் ஐஸ்கிரீம் வைத்து, ருசி பார்த்துச் சொல்லும்படியும் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்றும் சொன்னார்கள். உணவில் கட்டுப்பாடு வைத்துக்கொள்ளாதவர்கள், மில்க் ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். வயிறு சொன்னதைக் கேட்டார்கள். கட்டுப்பாட்டில் இருந்தவர்களோ, மில்க் ஷேக் குடித்தபின் குடிக்காதபோதைவிட அதிகமாக ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். விதி ஒருமுறை உடைந்ததும், இனி எதைக் காப்பது என்று விட்டுவிட்டார்கள்.

டொரண்டோவில் ஜேனட் பொலிவியும் அதே ஹெர்மனும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு இதை இன்னும் கூர்மையாக்கியது. எல்லாருக்கும் ஒரே அளவு பீட்சா துண்டு. பக்கத்தில் சிறிய துண்டை வைத்து, சிலருக்குத் தங்கள் துண்டு பெரியது போலத் தோன்றச் செய்தார்கள். பெரிய துண்டைத் தின்றுவிட்டோம் என்று நினைத்த கட்டுப்பாட்டுக்காரர்கள், அடுத்து வந்த பிஸ்கட்டை அதிகம் தின்றார்கள். வயிற்றுக்குள் போனது எல்லாருக்கும் ஒரே அளவு. வேறுபட்டது, தாங்கள் தவறிவிட்டோம் என்ற நினைப்பு மட்டுமே.

ஆய்வுக்கூடத்தில் கண்டது எல்லார் வீட்டிலும் அப்படியே நடக்கும் என்றும் சொல்லிவிட முடியாது. டோமியாமா என்பவரும் கூட்டாளிகளும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், கட்டுப்பாட்டில் இருந்தவர்கள் அன்றாட வாழ்க்கையில் தாங்கள் சாப்பிட்டதைப் பதிவு செய்துகொண்டே வந்தார்கள். விதியை மீறியதாக அவர்களே சொன்ன வேளைக்குப் பின் அவர்கள் அளவு கடந்து சாப்பிடவில்லை. அதாவது இந்தச் சரிவு விதியல்ல; சிலருக்குச் சில சூழலில் நேர்வது. இது நல்ல செய்தி. "ஒரு லட்டு தின்றால் எல்லாம் போச்சு" என்று முன்கூட்டியே நம்ப வேண்டியதில்லை என்பதற்கு இதுவே சான்று.

பட்டினியின் பங்கும் இதில் உண்டு. 1944-45-இல் மினசோட்டாவில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 ஆரோக்கியமான இளைஞர்களை, அவர்கள் சம்மதத்தோடு, 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்தார். அவர்கள் நாள் முழுக்க உணவைப் பற்றியே பேசினார்கள், சமையல் புத்தகம் படித்தார்கள். பட்டினி முடிந்தபின் சிலர் வயிறு நிறைந்தும் அடங்காமல் சாப்பிட்டார்கள். மன உறுதி பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அவர்கள். காலையும் மதியமும் வெறும் மோரோடு ஓட்டிவிட்டு இரவு ரிசப்ஷனில் பிரியாணியைக் கண்டதும் கை நிற்கவில்லை என்றால், அதில் குணக்கேடு எதுவும் இல்லை. பசி தன் வேலையைச் செய்திருக்கிறது, அவ்வளவுதான்.

குற்ற உணர்வு இருந்தால்தானே மனிதர் திருந்துவார் என்ற வாதம் பெரியவர்களிடம் பலமாக உண்டு. நியூசிலாந்தில் குயர், பாய்ஸ் என்ற இருவர் 2014-இல் இதைச் சோதித்தார்கள். சாக்லேட் கேக் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது குற்ற உணர்வா, கொண்டாட்டமா என்று கேட்டார்கள். குற்ற உணர்வு என்றவர்கள் மற்றவர்களைவிட நல்ல உணவுப் பழக்கம் கொண்டவர்களாக இல்லை. எடை குறைக்க விரும்பியவர்களிலும் குற்ற உணர்வுக்காரர்களே குறைவாக வெற்றி பெற்றார்கள். அமெரிக்காவில் கிளேர் ஆடம்ஸ், மார்க் லியரி இருவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில் மாணவிகளுக்கு முதலில் டோனட் தரப்பட்டது. பிறகு சிலரிடம் மட்டும், "எல்லாரும்தான் இதைச் சாப்பிடுகிறார்கள், உங்களையே கடிந்துகொள்ள வேண்டாம்" என்று இரண்டு வார்த்தை ஆறுதலாகச் சொல்லப்பட்டது. அடுத்து வந்த மிட்டாயை, கட்டுப்பாட்டில் இருந்த மாணவிகளில் ஆறுதல் கேட்டவர்கள் குறைவாக எடுத்துக்கொண்டார்கள். கண்டிப்பை நம்புகிறவர்களுக்கு இது உறுத்தும். முடிவு என்னவோ அதுதான்.

தமிழ் மரபிலும் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. திருக்குறளில் புலால் மறுத்தல் அறத்துப்பாலில் வருகிறது. அளவறிந்து உண்பதைப் பேசும் 95-ஆம் அதிகாரமோ பொருட்பாலில் வருகிறது. அதற்குப் பெயர் 'மருந்து'. முன்பு உண்டது செரித்ததா என்று பார், பசித்தபின் உண், அளவு பார் என்று செய்முறையாகவே அது பேசுகிறது. அதிகம் உண்டவனுக்கு நோய் வரும் என்கிறதே தவிர, அவனைப் பாவி என்று சொல்லவில்லை.

மூன்று பக்கமும் இழுக்கும் உறுத்தல்

மேற்கே எழுதப்பட்ட புத்தகங்கள் அதிகம் சாப்பிட்ட உறுத்தல் ஒன்றைப் பற்றியே பேசுகின்றன. நம் வீடுகளில் உறுத்தல் மூன்று. அதிகம் சாப்பிட்டோமே என்பது ஒன்று. சோற்றை வீணாக்குகிறோமே என்பது இரண்டாவது. பரிமாறுகிறவர் மனம் நோகுமே என்பது மூன்றாவது. பின்னவை இரண்டும் ஒருவரைச் சாப்பிட வைக்கின்றன. முதலாவது சாப்பிட்டபின் வந்து அவரை உலுக்குகிறது. எப்படிச் செய்தாலும் உறுத்தல் மிஞ்சும் இந்த ஏற்பாட்டில் அதிகம் மாட்டிக்கொள்பவர் வீட்டுப் பெண்.

பிள்ளைகள் மீதம் வைத்த இட்லி, மாமனார் தொடாமல் விட்ட பொரியல், சட்டியின் அடியில் நின்ற குழம்பு என்று இரவு பத்து மணிக்கு அவர் கணக்கில் சேர்வது மூன்றாவது வேளைக்கு மேல் ஒரு வேளை. அரிசி விளையும் ஊரில், ஆரணி அரிசிக்கும் களம்பூர் அரிசிக்கும் பெயர் பெற்ற பகுதியில், சோற்றைக் கொட்டுவது மனதுக்கு ஆகாது. ஆனால் தேவையில்லாத வயிற்றில் போட்டாலும் அது வீண்தான். இதற்குத் தீர்வு உலையில் இருக்கிறது. ஒரு வாரம் ராத்திரி மிஞ்சுகிற சோற்றைக் கண்ணளவாகப் பார்த்தால், அரிசி போடும் ஆழாக்கை எவ்வளவு குறைக்கலாம் என்பது தெரிந்துவிடும். அப்படியும் மிஞ்சினால் தண்ணீர் ஊற்றிப் பழையதாக்குவது இருக்கவே இருக்கிறது. பிள்ளைகளுக்கு முதலில் குறைவாக வைத்து, கேட்டால் மறுபடி வைக்கலாம். மீதத்தைத் தீர்க்கும் பொறுப்பு வீட்டில் ஒருவருக்கே எழுதிவைக்கப்பட்டது அல்ல.

விருந்து மறுப்பது இன்னும் நுட்பமானது. "இன்னும் ஒரு கரண்டி வெச்சுக்கோங்க சம்பந்தி" என்று கேட்பவரிடம் கலோரிக் கணக்கு பேசினால் இரண்டு குடும்பத்துக்கும் நல்லதல்ல. இங்கே செல்லுபடியாகிற மறுப்பு "எனக்கு சுகர்" என்பது ஒன்றுதான். சுகர் இல்லாதவர்களும் அதை இரவல் வாங்கிப் பயன்படுத்துவது ஊரறிந்த ரகசியம். பொய் சொல்ல விரும்பாதவர்களுக்கு வேறு வழிகள் உண்டு. முதல் முறை பரிமாறும்போதே பாதி வாங்கினால், இரண்டாம் முறை வருபவருக்கும் இடம் கொடுக்கலாம், மறுத்ததாகவும் ஆகாது. சாப்பாட்டைப் பாராட்டிவிட்டு இலைக்கு மேல் கையை வைத்தால் பெரும்பாலும் கரண்டி நகர்ந்துவிடும். பாயசத்தை ஒரு வாய் வாங்கி ருசித்தாலே வைத்தவர் மனம் நிறைந்துவிடும். எல்லாவற்றையும்விட, கூட உட்கார்ந்து நிதானமாகப் பேசிச் சாப்பிடுபவரின் இலையை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. அவசரமாகச் சாப்பிட்டு இலையைக் காலியாக வைத்திருப்பவரிடம்தான் கரண்டி வந்து வந்து நிற்கும். வயிறு நிறைந்த செய்தி மூளைக்கு எட்டச் சற்று நேரம் பிடிக்கும் என்பதாலும் நிதானம் பயன்படுகிறது.

விருந்துக்கு முன்

பந்திக்குப் பட்டினியோடு போகக் கூடாது. இரவு விருந்து என்றால் காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் வழக்கம் போல. மாலை நாலு மணிக்கு ஒரு கைப்பிடி வேகவைத்த மல்லாட்டையோ சுண்டலோ, ஒரு டம்ளர் கூழோ இருக்கட்டும். பசியை அரைவாசி அடக்கிவிட்டு உட்காருபவருக்குத்தான் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் இருக்கும்.

விதியை எப்படி வகுப்பது என்பதிலும் கவனம் வேண்டும். ஜெர்மனியில் வெஸ்டன்ஹோஃபர் என்பவர் 1991-இல் உணவுக் கட்டுப்பாட்டை இறுக்கமானது, நெகிழ்வானது என்று இரண்டாகப் பிரித்துப் பார்த்தார். இறுக்கமான விதி வைத்தவர்களிடம் கட்டு மீறிச் சாப்பிடுவதும் எடையும் அதிகமாகக் காணப்பட்டன. நெகிழ்வான விதி வைத்தவர்களிடம் குறைவாக. "இனி இனிப்பே தொட மாட்டேன்" என்ற விதி முதல் மைசூர்பாகோடு செத்துவிடும். "கல்யாண வீட்டில் ஒரு இனிப்பு, எது ரொம்பப் பிடிக்குமோ அது" என்ற விதிக்கு உயிர் இருக்கும். "வீட்டு டீயில் ஒரு ஸ்பூனுக்கு மேல் இல்லை" என்பது அதைவிட நல்ல விதி. அதை உடைக்கச் சொல்லி எந்தச் சம்பந்தியும் வற்புறுத்த மாட்டார்.

தீபாவளி வேறு வகை. பந்தி ஒரு வேளையில் முடிந்துவிடும். தீபாவளிப் பலகாரம் பத்து நாள் டப்பாவில் உட்கார்ந்திருக்கும். ஆற்காட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த மக்கன் பேடாவும் சேர்ந்துகொள்ளும். கண்ணில் படுகிற பலகாரம் தறியை விட்டு எழும்போதெல்லாம் கூப்பிடும். வேளைக்குச் சாப்பாட்டோடு சேர்த்து ஒன்று என்று வைத்துக்கொண்டு மீதியைப் பரணில் ஏற்றுவது, வந்த டப்பாக்களை உடனே பக்கத்து வீட்டுக்குப் பங்கிடுவது, அடுத்த ஆண்டு முறுக்கு மாவை ஒரு படி குறைத்துப் பிசைவது ஆகிய மூன்றும் பலன் தருகின்றன. நின்றுகொண்டு, ஒளிந்து, அவசரமாகத் தின்பது மட்டும் கூடாது. ருசியும் தெரியாது, மனமும் நிறையாது. ஒளிக்க வேண்டியிருந்தது என்பதே பிறகு உறுத்தலாக வந்து நிற்கும்.

மறுநாள் காலை

வழக்கமான நேரத்தில் வழக்கமான சிற்றுண்டி. இதுதான் முதல் வேலை, பெரும்பாலும் இதுவே போதும். பசி குறைவாக இருந்தால் இரண்டு இட்லி, ஒரு டம்ளர் கூழ், மோர் என்று சுருக்கிக்கொள்ளலாம். அது பசியைக் கேட்டு நடப்பது. பசித்தும் தண்டனையாகச் சாப்பிடாமல் இருப்பது வேறு. கிருத்திகைக்கோ ஏகாதசிக்கோ விரதம் இருப்பதையும் இதையும் ஒன்றாகக் கருத வேண்டாம். விரதத்துக்கு நாள் முன்னாலேயே குறிக்கப்பட்டிருக்கிறது, மனமும் அதற்குத் தயாராகிறது. நேற்றைய பிரியாணிக்காக இன்று திடீரென்று இருக்கும் பட்டினி, மாலையில் இன்னொரு பிரியாணியில்தான் பெரும்பாலும் போய் முடியும்.

தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். அரை மணி நேரம் நடக்கலாம். சாப்பிட்டபின் நடப்பது ரத்தச் சர்க்கரையின் ஏற்றத்தைக் குறைக்கும் என்பதற்காக, தின்றதை எரித்துத் தீர்ப்பதற்காக அல்ல. தின்ற லட்டுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டு நடப்பவருக்கு நடையே ஒரு நாள் தண்டனையாகக் கசந்துவிடும். பேதி மாத்திரை, விரலை விட்டு வாந்தி எடுப்பது, "உடம்பைச் சுத்தம் செய்யும்" சாறுகள் எதுவும் வேண்டாம். முதல் இரண்டும் உடம்பின் உப்புச் சமநிலையைக் கெடுக்கும். மூன்றாவது காசுக்குக் கேடு.

குறிப்பேடு வைத்திருப்பவர்கள் அதில் தீர்ப்பு எழுதாமல் நடந்ததை எழுதுவது நல்லது. "புத்தி இல்லை, மறுபடி தின்றுவிட்டேன்" என்ற வரியிலிருந்து எதுவும் கற்க முடியாது. "மதியம் சாப்பிடவில்லை, தறி வேலை நாலு மணி வரை இழுத்தது, ராத்திரி மூணு தட்டு" என்ற வரியிலிருந்து கற்க முடியும். சில வாரம் எழுதினால் அநேகமாக ஒரே காரணம் திரும்பத் திரும்ப வரும்: நீண்ட நேரப் பசி, தூக்கம் கெட்டது, கூலி தாமதமானது, வீட்டில் சண்டை. சாப்பாட்டில் தெரிகிற கோளாறின் வேர் அங்கே இருக்கும். திருத்த வேண்டியதும் அதைத்தான்.

நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இந்தியாப் (INDIAB) ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருக்கிறது. ஆகவே எந்தப் பந்தியிலும் இவர்களில் சிலராவது இருப்பார்கள். விருந்து சாப்பிட்டதற்காக மாத்திரையைத் தாமாக இரட்டிப்பாக்குவதும், மறுநாள் மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டைத் தவிர்ப்பதும் ஆபத்து. இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர் வேளையைத் தவறவிட்டால் சர்க்கரை மிகவும் இறங்கிவிடலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பம் வந்தால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, கால் மணி நேரம் கழித்துச் சோதித்துப் பார்க்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. அதைக் கொண்டுவரும் ஊழியரிடம் விருந்தில் சாப்பிட்டதை மறைக்க வேண்டியதில்லை. திட்டுவார்களோ என்று பரிசோதனைக்கே போகாமல் இருப்பதுதான் குற்ற உணர்வு செய்யும் மிகப் பெரிய தீமை.

வீட்டில் உள்ளவர்களின் பேச்சுக்கும் இதில் பங்கு உண்டு. "என்ன இப்படி ஊதிட்ட?" என்று நாலு பேர் முன்னால் கேட்பது அக்கறை போலத் தோன்றும். இங்கிலாந்தில் ஏறத்தாழ மூவாயிரம் பேரை நாலு ஆண்டு கவனித்து 2014-இல் வெளியிட்ட ஆய்வில், எடைக்காக இழிவாக நடத்தப்பட்டதாகச் சொன்னவர்களுக்கு எடை கூடியிருந்தது, குறையவில்லை. வீட்டில் எடை கூடியவரின் தட்டை எண்ணுவதற்குப் பதிலாக எல்லாருக்கும் ஒரே சமையலாகக் காய் கூட்டி, சோறு குறைத்துப் பரிமாறுவதே அக்கறை. பிள்ளைகள் முன்னால் தன் உடம்பைத் தானே பழிப்பதையும் பெரியவர்கள் நிறுத்த வேண்டும். பிள்ளைகள் அதைத்தான் முதலில் கற்றுக்கொள்கிறார்கள்.

எப்போது இது நோய்

விருந்தில் அதிகம் சாப்பிடுவது நோய் அல்ல. மற்றவர்கள் அதே நேரத்தில் சாப்பிடுவதைவிட மிக அதிகமாக, நிறுத்த முடியவில்லை என்ற உணர்வோடு, வாரத்துக்கு ஒரு முறையாவது, மூன்று மாதமாகச் சாப்பிட்டு வந்தால் அது வேறு. பசி இல்லாமலே சாப்பிடுவது, வயிறு வலிக்கும் வரை சாப்பிடுவது, வெட்கப்பட்டுத் தனியே சாப்பிடுவது, பிறகு தன் மீதே அருவருப்புக் கொள்வது ஆகியவையும் சேர்ந்திருந்தால் அதை மிதமிஞ்சி உண்ணும் கோளாறு என்று மருத்துவம் 2013 முதல் தனி நோயாகவே வகைப்படுத்துகிறது. சாப்பிட்டதைச் சரிக்கட்ட அடிக்கடி வாந்தி எடுப்பதோ பேதி மாத்திரை போடுவதோ இருந்தால் இன்னும் சீக்கிரம் உதவி தேவை. வயசுப் பெண்களிடம் இது அதிகம் மறைக்கப்படுகிறது, ஆண்களுக்கும் வரும். இதற்குப் பேச்சு சிகிச்சையும், சிலருக்கு மருந்தும் பலன் தருகின்றன. இந்தக் கோளாறு உள்ளவரிடம் இந்த அத்தியாயத்தில் உள்ள யோசனைகளைச் சொல்லி மட்டும் அனுப்பிவிடக் கூடாது.

சந்தவாசல் பக்கத்தில் இருப்பவர்கள் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ, வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்துக்கோ போகலாம். முதலில் யாரிடமாவது பேசிப் பார்க்க நினைப்பவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழைக்கலாம். கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம்.